அம்மா தூங்கியபோது வரைந்த படம்

என் கண்ணான அம்மாவுக்கு,

உங்கள் மூத்தவள் பரிதா எழுதுகிறேன். ஸலாம். நீங்கள் போய் நாற்பது நாள் முடிந்துவிட்டது. பாத்திஹா ஓதி, சாப்பிட்டு, எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் நீங்கள் திட்டிக்கொண்டே பால் ஊற்றும் அந்தப் பூனையும்தான். நம் ஊரில் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போகிற வழக்கம் இல்லை. உங்கள் பேரன், தம்பி மகன்தான் வெள்ளிக்கிழமை தவறாமல் போய் உங்களுக்கு ஓதிவிட்டு வருகிறான். அவனிடம் சொல்லி அனுப்ப முடியாத ஒன்று எனக்குள் கிடக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வீட்டு விஷயத்தை ஊரறிய எழுதுவாளா ஒருத்தி என்று கேட்பீர்கள். நான் செய்த தப்பு ஊரறிய நடந்தது அம்மா. தஞ்சாவூரில் ஒரு ஹாலில் விளக்குப் போட்டு, ரிப்பன் வெட்டி, ஆட்கள் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்கு மன்னிப்பை மட்டும் அடுக்களைக்குள் முணுமுணுத்துவிட்டு வந்தால் போதுமா?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். உங்கள் முடி எப்படி இருக்கும் என்று இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை வராது. நீளமா, குட்டையா, கறுப்பா, வெள்ளையா, எதுவும் வராது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு யாராவது படித்தால் ஏமாந்து போகட்டும்.

வீட்டுச் செய்தி கேளுங்கள். உங்கள் மருமகனுக்குக் குவைத்தில் லீவு கிடைத்துவிட்டது, பெருநாளுக்கு வருகிறார். சம்பா அறுப்பு முடிந்து ரோடு முழுக்க நெல் காய்கிறது, பஸ்ஸெல்லாம் ஒரு பக்கமாக ஊர்ந்து போகிறது. மீன்காரம்மா இன்னமும் வாசலில் வந்து உங்களைத்தான் கூப்பிடுகிறார். கூப்பிட்ட பிறகுதான் நினைவு வந்து வாயைப் பொத்திக்கொள்கிறார்.

நான் படம் படிக்கப் போன கதை உங்களுக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நாற்பத்து நாலு வயதில், சனி ஞாயிறு வகுப்பில், இரண்டு வருட ஓவியப் படிப்பில் போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன் இருபது வருஷம் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போட்ட கை இது. போனில் உங்கள் மருமகன், "இந்த வயசுல காலேஜ் எதுக்கு, சின்னப் பசங்களோட உக்காந்துகிட்டு?" என்றார். நீங்கள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினீர்கள்.

"அவ ஆசைப்படுறா தம்பி. போயிட்டு வரட்டும். சோறு நான் ஆக்கிக்கிறேன்."

அதோடு பேச்சு முடிந்தது. இதை எழுதும்போதே எனக்குக் காது சுடுகிறது. என்னை அனுப்பி வைத்ததே நீங்கள்தான்.

வகுப்பில் எல்லோரும் பத்தொன்பது, இருபது. எனக்கு வைத்த பெயர் ஆன்ட்டி. சாருக்கே என்னைவிட எட்டு வயது குறைவு, அதனால் அவர் மேடம் என்பார். முதல் ஆறு மாதம் நான் வரைந்த மரத்தில் இலையெல்லாம் மருதாணி மாங்காயாகவே வந்தது. மாட்டை வரைந்தால் கொம்பில் கொடி ஓடியது. வகுப்பே சிரிக்கும், நானும் சேர்ந்து சிரிப்பேன். பஸ் ஏறியதும் சிரிப்பு நின்றுவிடும்.

"எல்லாமே டிசைனா இருக்கு மேடம். ஆள் எங்க?" என்று ஒருநாள் சார் கேட்டார். "வீட்டுல இருக்கறவங்கள வரையுங்க. அவங்க பாட்டுக்கு இருக்கறப்ப வரையுங்க."

வீட்டில் யார் இருக்கிறார்கள், நீங்கள்தான். உங்களைக் கேட்டேன். பிளாஸ்டிக் நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, முழங்காலில் இரண்டு கையையும் வைத்து, மூச்சுவிடாமல் உட்கார்ந்தீர்கள். "பாஸ்போர்ட் ஆபீஸ்ல உக்காந்த மாரி இருக்கேனா?" என்று உதடு அசையாமல் கேட்டீர்கள். வரைந்து முடித்ததும் பார்த்துவிட்டு, "எம்மூக்கு இவ்வளவு பெருசாடி? உங்கத்தா ஒரு நாளும் சொல்லலியே" என்று என்னைப் பெற்றவரை வம்புக்கு இழுத்தீர்கள். அப்படி இருபது முப்பது படம் வரைந்திருப்பேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றிலும் நீங்கள் இல்லை.

அப்போது நீங்கள் எனக்குப் போட்டது ஒரே ஒரு கட்டளை. "எப்புடி வேணா வரைஞ்சுக்க. முக்காடு மட்டும் சரியா இருக்கணும்."

நம் ஊரில் முக்காடு போடாத பெரியவர்கள் யார் இருக்கிறார்கள்? ஆனால் உங்கள் அளவுக்கு யாரும் இல்லை. கேஸ் சிலிண்டர்காரர் மணி அடித்தால், கதவைத் திறக்கும் முன் உங்கள் கை தலைக்குப் போய்விடும். ஆதார் எடுக்கப் போன இடத்தில் காது தெரிய வேண்டும் என்று அந்தப் பையன் சொன்னதற்கு, "காது எதுக்குப்பா, நான் என்ன ஆடா?" என்று சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வந்தீர்கள். அப்புறம் ஒரு பெண் ஆபரேட்டர் இருக்கும் இடம் தேடி உங்களைத் திருவாரூருக்குக் கூட்டிப்போனேன். குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று, இடுப்பைப் பிடிக்காமல் தலையைத்தான் முதலில் பிடித்தீர்கள்.

ஒரு தடவை கேட்டேன், எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே. இவ்வளவு எதற்கு அம்மா, இப்போதுதான் வயதாகிவிட்டதே என்று. நீங்கள் மார்க்கத்தைச் சொல்லி என் வாயை அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை.

"மார்க்கத்துக்குந்தான். ஆனா அதுக்கு மட்டும் இல்ல. எல்லாத்தையும் உங்கத்தாவுக்கும் உங்களுக்கும் குடுத்தாச்சு. இது ஒண்ணு எனக்குன்னு இருக்கட்டுமேடி."

இது எனக்குத் தெரியும் அம்மா. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஐப்பசியில் அந்த மழை நாள். உங்களுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மதியம் லுஹர் தொழுதுவிட்டு, மாத்திரை போட்டு, ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்தீர்கள். கரண்ட் இல்லை. நான் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் முந்தானை நழுவித் தலையணையில் கிடந்தது.

நான் செய்யவேண்டியது என்ன? எழுந்துபோய் இழுத்துவிடுவது. எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். நீங்கள் தூக்கத்திலேயே "ம்" என்று சொல்வீர்கள். அன்று நான் எழுந்துபோனது அட்டையையும் பென்சிலையும் எடுக்க. நடக்கும்போது தரையில் சத்தம் வராமல் போனேன். திருடப் போகிறவளுக்குத் தான் திருடப் போகிறோம் என்று கால் வரைக்கும் தெரியும்.

இருபது நிமிஷம் இருக்கும். கையில் மாங்காய் வரவில்லை, கொடி வரவில்லை. கோடு அதுவாகப் போயிற்று. நெற்றி, மூடின கண், தலையணையில் அழுந்திய கன்னம், அப்புறம் நான் எழுதமாட்டேன் என்று சொன்னது. முப்பது படத்தில் வராத நீங்கள் அந்த ஒரு தாளில் வந்து படுத்திருந்தீர்கள். அம்மா, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் கல்யாணத்தில்கூட அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. இதை யாரிடம் சொல்வது?

நீங்கள் புரண்டீர்கள். தாளை உருவிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். நீங்கள் முதலில் முந்தானையை இழுத்துக்கொண்டு, பிறகு கண்ணைத் திறந்தீர்கள்.

"ரொம்ப நேரம் தூங்கிட்டனா?"

"இல்லம்மா. டீ போடவா?"

அன்று நான் போட்ட டீயில் இஞ்சி கூடுதலாகத் தட்டிப் போட்டேன். நீங்கள் குடித்துவிட்டு, நல்லா இருக்குடி என்றீர்கள்.

சனிக்கிழமை சார் அந்தத் தாளை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சொன்னார், "இப்பதான் மேடம் நீங்க வரைஞ்சிருக்கீங்க." இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒன்றைப் பார்த்து யாரும் அப்படிப் பேசாமல் நின்றது கிடையாது. பிரியாணியைப் புகழ்ந்திருக்கிறார்கள், மருதாணி சிவந்ததைப் புகழ்ந்திருக்கிறார்கள். இது வேறு.

"அம்மாவா?" என்றார். "ஆமா சார்." "அவங்க சம்மதம் வாங்கிட்டீங்களா? கண்காட்சியில வைக்கணும்னா அது முக்கியம்."

"வாங்கிட்டேன் சார்."

"சந்தோஷமா குடுத்தாங்களா?"

"ரொம்ப சந்தோஷமா."

முதல் பொய்யை அவர் கேட்டார், சொன்னேன். இரண்டாவதில் அந்த 'ரொம்ப' யாரும் கேட்காமலேயே என் வாயில் வந்தது.

மார்கழியில் கண்காட்சி. நுழைந்ததும் எதிரே இருக்கும் சுவரில், மேலே தனி விளக்கோடு உங்களை மாட்டினார்கள். ஆண்கள் பெண்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். எல்லோரும் கைகட்டித்தான் நின்றார்கள், மரியாதையாகத்தான் பார்த்தார்கள். அதை வைத்து என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நீங்கள் வீட்டிலிருந்து கேட்டீர்கள், "நானும் ஒரு நாள் வரட்டா? எம்புள்ள படத்த ஊரெல்லாம் பாக்குது, நான் பாக்க வேணாமா?"

"அங்க என்னம்மா இருக்கு, பசங்க கிறுக்கல்தான். உங்களுக்குக் கால் வலிக்கும்."

இது மூன்றாவது. நீங்கள் சரி என்று உள்ளே போனீர்கள். பின்னால் ஓடிவந்து சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதோடு சரி.

கல்லூரியின் இணையப் பக்கத்தில் படத்தைப் போட்டிருந்தார்கள். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊர்க்காரர்கள் போனைத் திறந்தால் தங்கம் விலையும் விமான டிக்கெட் விலையும் பார்ப்பார்கள், ஓவியத்தை எங்கே பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

அந்த வாரம்தான் நீங்கள் தூங்கப்போகும் முன் ஒரு வெள்ளைத் துணியைத் தலையில் சுற்றி, பின்னால் முடிச்சுப் போட ஆரம்பித்தீர்கள். இழுத்தாலும் அவிழாத முடிச்சு. பகலில் சற்றுச் சாய்ந்தாலும் அதே துணி. "பனிக்காம்மா?" என்று கேட்டேன். "ஆமா, பனி" என்றீர்கள். மறுநாள் மன்னார்குடியில் இறங்கி உங்களுக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கி வந்தேன். அதைக் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்து, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

எண்ணெய் தேய்க்க வரட்டுமா என்று இரண்டு தடவை கேட்டேன். நானே தேய்ச்சுக்கிறேன், உனக்குப் படிக்கிற வேலை இருக்கு என்றீர்கள்.

அப்புறம் அந்தக் காலை. மீன்காரம்மாவிடம் கெளுத்திக்கு அடித்துப் பேசிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். தண்ணி கொண்டாடி என்றீர்கள். கொண்டுவந்தபோது நீங்கள் இல்லை. தஞ்சாவூரில் கண்காட்சி முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

உங்களைக் குளிப்பாட்டும்போது உள்ளே நான், சின்னம்மா, குளிப்பாட்டுகிற அம்மா மூன்று பேர்தான். திரை கட்டி, கதவைச் சாத்தி, ஜன்னல் இடுக்கில்கூடத் துணி செருகினார் சின்னம்மா. "எங்கக்கா இதுல ரொம்பக் கண்டிப்பு" என்றார். முடியை ஒழுங்குபண்ணித் தலைத்துணி சுற்றுவது மகள் கைக்கு வந்தது. போர்த்தி அனுப்பும் கபன் துணிகளில் தலைக்கென்று தனியாக ஒன்று உண்டு அல்லவா, அதை என் கையில் கொடுத்தார்கள்.

இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய் அம்மா. அப்போது என் கை அதன் வேலையைச் செய்தது, என் கண் உங்களை வரைந்துகொண்டிருந்தது. ஈரத்தில் நெற்றியோரம் எப்படி இருக்கிறது, எங்கே பென்சிலை அழுத்தலாம், எங்கே தாளைச் சும்மா விடலாம் என்று அது பாட்டுக்குக் குறித்துக்கொண்டே போனது. துணியை மடித்துச் செருகப் போனபோதுதான் உறைத்தது. இங்கே மூன்று பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு எதை மூடுகிறோமோ, அது அங்கே முப்பது மைல் தள்ளி விளக்கு வெளிச்சத்தில் தொங்குகிறது. நான் வாய்விட்டு அழுதேன். எல்லோரும் தாய் போன துக்கம் என்று நினைத்து என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் நம் தெரு ஜெசிமா வந்தாள், நர்சிங் படிக்கிற பெண். என் பக்கத்தில் உட்கார்ந்து, "பரிதாக்கா, உங்க காலேஜ் பேஜ்ல ஒரு படம் பாத்தேன். பெரியம்மா மாரியே இருந்துச்சு. சந்தோஷத்துல அவங்களுக்கே அனுப்புனேன். ஆனா அவங்க இல்லன்னுட்டாங்க" என்றாள்.

உங்கள் போனை எடுத்துப் பார்த்தேன். படம் இருந்தது. கீழே உங்கள் குரல்.

"ஜெசிமா, அது நான் இல்லம்மா. வேற யாரோ. வயசானா எல்லாரும் ஒரே மாரிதான் இருக்கோம். நீ அத யாருக்கும் அனுப்பாத, அழிச்சிடு. பரிதாகிட்டயும் ஒண்ணும் கேக்காத, பாவம், அவ பரீட்சைக்குப் படிக்கிறா."

தேதியைப் பார்த்தேன். நீங்கள் அந்த வெள்ளைத் துணியைக் கட்ட ஆரம்பித்ததற்கு முதல் நாள்.

பனி இல்லை. என்னிடமிருந்துதான் நீங்கள் மூடிக்கொண்டீர்கள். பெற்ற மகள் பக்கத்தில் இருக்கும்போது அவிழாத முடிச்சுப் போட்டுக்கொண்டு தூங்கினீர்கள். ஏன் அம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு அறை விடவில்லை? பொய்யே பேசாதவர் எனக்காக ஒரு சின்னப் பெண்ணிடம் பொய் சொன்னீர்களே, என்னிடம் மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை? எனக்குப் பரீட்சை கெட்டுவிடும் என்றா? இல்லை, கேட்டால் அதற்கும் ஒரு பொய் சொல்வேன் என்று பயந்தீர்களா?

பத்தாம் நாள் தஞ்சாவூர் போனேன். படத்தைச் சென்னைக் கண்காட்சிக்கு எடுத்துவைத்திருந்தார்கள். கடைசி வருட மதிப்பெண்ணும் அதை வைத்துத்தான். சார் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"துக்கத்துல முடிவெடுக்காதீங்க மேடம். இது அம்மாவுக்கு நீங்க செய்யற அஞ்சலி."

"அவங்க சம்மதிக்கல சார். நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். தூங்கறப்ப வரைஞ்சேன், கேக்கவே இல்ல."

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. போனை எடுத்து, கல்லூரியின் இணையப் பக்கத்தில் இருந்த படத்தை அவரே அழித்தார். "பரீட்சைக்கு வேற படம் வேணுமே" என்றார். வேறு படம் என்னிடம் இல்லை என்றேன். அப்படியென்றால் இந்த வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும் என்றார். படிக்கிறேன் என்றேன்.

பிறகு ஒவ்வொருத்தரிடமாகப் போய் அவர்கள் எடுத்த போட்டோவை அழிக்கச் சொன்னேன். கெஞ்சுவதென்றால் எப்படி என்று அன்று கற்றுக்கொண்டேன். ஒரு பெண், நல்ல பிள்ளைதான், "ஆன்ட்டி, முடிதானே? முகம் எவ்வளவு அழகா இருக்கு, யாராவது தப்பா சொன்னாங்களா?" என்றாள். "உன் போனக் குடு, உள்ள என்ன இருக்குன்னு எல்லாருமா சேந்து பாப்போம்" என்றேன். ஐயோ என்று போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு அவளே அழித்தாள். ஆனாலும் எத்தனை பேர் வந்தார்கள், யார் யார் போனில் இருக்கிறதோ, அத்தனையும் என் கைக்கு வராது. இதைப் படிக்கிற யாரிடமாவது அந்தப் படம் இருந்தால் அழித்துவிடுங்கள். என் பெயருக்காக வேண்டாம், ஒரு அம்மாவுக்காக.

படத்தைச் சுருட்டி, ஒரு குழாயில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். நீடாமங்கலம் கேட் சாத்தியிருந்தது. உங்களுக்குத்தான் தெரியுமே, அந்த கேட்டில் நின்றால் ஒரு குடும்பக் கதையே பேசி முடித்துவிடலாம். பக்கத்து சீட்டு அம்மா வயல் வேலைக்குப் போய்விட்டு வருகிறார் போல, காலில் சேறு காய்ந்திருந்தது.

"என்னம்மா அது, படமா? பிரிச்சுக் காட்டேன், ரயில் வர்ற வரைக்கும் பாப்போம்."

"காட்டக் கூடாதுங்க. எங்கம்மா படம். அவங்களுக்குப் புடிக்காது."

முதல் தடவையாக அதை வெளியே சொன்னேன். அந்த அம்மா ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டு, குழாய் நசுங்காமல் இருக்கத் தன் கூடையை நகர்த்தி வைத்துக்கொண்டார். இவ்வளவுதானா அம்மா? வேண்டாம் என்றால் வேண்டாம், இவ்வளவு சுலபமா அது?

நேராகச் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். உங்களை முக்காடு இல்லாமல் பார்க்க உரிமை உள்ளவர் என்று மிஞ்சியிருப்பவர்களில் அவர் ஒருவர். கதவைச் சாத்திவிட்டு விரித்துக் காட்டினேன், எல்லாவற்றையும் சொன்னேன். சின்னம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தைத் தொடப்போய், பென்சில் அழிந்துவிடும் என்று கையை எடுத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்டி. போன் பண்ணிச் சொன்னா."

"அழுதாங்களா சின்னம்மா?"

"அழல. 'நல்லாத்தான் வரைஞ்சிருக்கா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்'னா."

எனக்கு ஒரு நப்பாசை வந்தது. "கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பாங்களா?"

"மாட்டா" என்றார் சின்னம்மா. "மாட்டான்னு தெரிஞ்சுதானடி நீ கேக்கல."

படத்தைச் சுருட்டித் திரும்பவும் குழாயில் போட்டேன். சாரிடமும் உங்களிடமும் சொன்னதற்கும், எனக்கு நானே சொல்லிக்கொண்டதற்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.

இப்போது படம் உங்கள் பீரோவில், உங்கள் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. கிழித்துவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். கிழித்தால் தியாகம் செய்தவள் மாதிரி எனக்கு ஒரு திமிர் வந்துவிடும் என்று தோன்றியது. வைத்துவிட்டேன். நீங்கள் இருந்தபோது உங்களை முக்காடு இல்லாமல் பார்க்க யாருக்கு அனுமதி இருந்ததோ அவர்கள் வந்தால் கதவைச் சாத்திக் காட்டுவேன். மற்ற யாருக்கும் இல்லை.

வெட்கத்தில் எல்லாம் பெரிய வெட்கம் ஒன்று மிச்சம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் நன்றாக இருக்கிறது அம்மா. இத்தனைக்குப் பிறகும் அதைப் பார்க்கும்போது எனக்குள் ஒருத்தி, பரவாயில்லையே பரிதா என்கிறாள். அவளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டு வரைந்ததெல்லாம் உயிரில்லாமல் இருந்து, கேட்காமல் எடுத்தது உயிரோடு வந்தால், என் கை எப்படிப்பட்ட கை? உங்களைப் பார்க்க எனக்கு அவ்வளவு கண் இருந்ததே, அது அன்பா, பசியா? உண்டாக்குவதற்கும் எடுத்துக்கொள்வதற்கும் நடுவில் கோடு எங்கே ஓடுகிறது என்று சாரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஒருவேளை நல்ல பென்சில் பிடிக்கிற யாருக்குமே தெரியாதோ?

அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் செய்கிறேன். போன வாரம் சின்னம்மாவிடம், அவரை வரையட்டுமா என்று கேட்டேன். "போடி, வேற வேல இல்ல?" என்றார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். மாலை வெயில் அவர் கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது, நல்ல படம் ஒன்று அங்கே உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தது. கை அரித்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி இப்படித்தான் இருப்பேன். யார் வேண்டாம் என்றாலும், எவ்வளவு நல்ல படம் கையைவிட்டுப் போனாலும்.

மனிதருக்குச் செய்த தப்பை அந்த மனிதர்தான் பொறுக்க வேண்டும், அல்லாஹ்கூட அதை அவரிடமே விட்டுவிடுகிறான் என்று சின்ன வயதில் நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். எனவே பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் இங்கிருந்து கேட்கப்போவதில்லை. நீங்கள் பதில் சொல்ல முடியாத இடத்தில் இருக்கும்போது உங்களிடம் ஒன்றைக் கேட்டு, கிடைத்துவிட்டதாக நானே வைத்துக்கொண்டால், அதுவும் நீங்கள் தூங்கும்போது எடுத்ததுதான்.

மறுமையில் பார்ப்போம் அம்மா. நீங்கள் விழித்திருக்கும்போது, உங்கள் எதிரே நின்று கேட்கிறேன். சம்மதம் வாங்கினாயா என்று அங்கே என்னை யார் கேட்டாலும், இல்லை என்று சொல்வேன். சத்தியம். அதற்குப் பிறகு மாட்டேன் என்று நீங்கள் சொன்னால், அதையும் கேட்டுக்கொள்வேன்.

இப்படிக்கு,
நீங்கள் சோறாக்கிப் போட்டுப் படிக்க அனுப்பிய
உங்கள் மூத்த மகள்
பரிதா
கூத்தாநல்லூர்